உங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்புள்ள ஐயா,

என் மனைவியின் தம்பி கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர், வேலையில் கெட்டிக்காரர். ஒரு வருடமாக யூடியூப்பில் எதையெதையோ பார்த்துவிட்டு, பூமி தட்டை என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். "தண்ணீர் எங்கே ஊற்றினாலும் மட்டமாகத்தான் நிற்கும். வளைந்து நிற்கும் தண்ணீரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறார். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. பொறுக்க முடியாமல் அவர் படத்தை வைத்து ஒரு மீம் செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் குழுவைவிட்டுப் போய்விட்டார், தீபாவளிக்கும் வரவில்லை. படித்தவர்கள்கூட இதை எப்படி நம்புகிறார்கள்? மதம்தான் காரணமா? இந்த வீடியோக்களை அரசு தடை செய்யக்கூடாதா? அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

சரவணன், திருப்பூர்

அன்புள்ள சரவணன்,

இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மதம் காரணமா என்றால், சிலருக்கு ஆம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சயான் என்ற ஊரைத் தன் கைக்குள் வைத்திருந்த வில்பர் கிளென் வொலிவா என்ற போதகர், பைபிளைக் காட்டித்தான் ஊர்ப் பள்ளியில் தட்டைப் பூமியைப் பாடமாக வைத்தார். ஆனால் ஆரியபட்டர் 1500 ஆண்டுகளுக்கு முன்பே பூமியைக் கோளம் என்று எழுதினார். அவரும் மதமில்லாத மனிதர் இல்லை. தடை? வேண்டாம். "மறைக்கப் பார்க்கிறார்கள்" என்று அவர்கள் சொல்வதற்கு நாமே சாட்சி எழுதிக் கொடுத்தது போலாகும்.

எனக்கு உறுத்தியது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. "சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்." குழந்தைக்கு அது தெரியாது, சரவணன். குழந்தைக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது திருப்பிச் சொல்கிறது. சரி, உங்களுக்கு எப்படித் தெரியும்? கூகுளைத் திறக்காமல் ஒரே ஒரு காரணம் சொல்லிப் பாருங்கள். நாசா எடுத்த புகைப்படம் என்பீர்கள். உங்கள் மச்சினன் சந்தேகப்படுவதே அந்தப் புகைப்படத்தைத்தான். அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ரசமட்டம் வைத்து வேலை செய்கிறவன் கேட்கக்கூடிய கேள்வி. உங்களிடம் பதில் இல்லை, அதனால் மீம் போட்டீர்கள். வயதில் மூத்தவர், அக்காள் கணவர், நீங்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் படித்தது குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பள்ளி ஒன்றில். ஏழாம் வகுப்பில் பூமி உருண்டை என்பதற்கான சான்றுகள் என்று ஒரு பாடம் வந்தது. தூரத்தில் போகும் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறையும், பாய்மரம் கடைசியில் மறையும் என்று ஆசிரியர் வாசித்தார். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அப்பாவோடு கட்டுமரத்தில் போகிறவன், அதனால் வாரத்தில் பாதி நாள் வகுப்புக்கு வராதவன். "கரையும் அப்படித்தான் சார் வரும். திரும்பி வரும்போ மொதல்ல மலை உச்சிதான் தெரியும். மலைக்கு அடியே இருக்காது, தண்ணிக்கு மேல உச்சி மட்டும் நிக்கும். கிட்ட வரவர மலை எழும்பும். அப்புறம்தான் மாதா கோயில் கோபுரம், அப்புறம் தென்னை, கடைசியிலதான் கரை" என்றான். ஆசிரியர் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். புத்தகத்தில் இருப்பதைச் சொல், கதை அளக்காதே என்றார். நாங்கள் சிரித்தோம். அந்த வகுப்பில் பூமியின் உருண்டையைக் கண்ணால் பார்த்திருந்தவன் அவன் ஒருவன்தான். பரீட்சையில் கப்பல், பாய்மரம் என்று எழுதி எங்களுக்கு முழு மதிப்பெண் வந்தது. அவன் அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை.

அவனை நினைக்காமல் இந்தப் பேச்சுக்குள் என்னால் போக முடியவில்லை. நம் பள்ளிகள் உருண்டையை நம்பச் சொல்லித் தந்தன, பார்க்கச் சொல்லித் தரவில்லை. புத்தகம் சொன்னால் சரி, சார் சொன்னால் சரி. அப்படி வளர்ந்த ஒருவர் முப்பது வயதில் புத்தகத்தின் இடத்தில் யூடியூப்பை வைத்துக்கொள்கிறார். பழக்கம் மாறவில்லை, சொல்கிற ஆள்தான் மாறியிருக்கிறார். அங்கே பேசுகிறவன் ஒன்று செய்கிறான், அதை நம் ஆசிரியர்கள் செய்யவில்லை. "யார் சொன்னாலும் நம்பாதே, நீயே பார்" என்கிறான். வாழ்நாள் முழுக்க வாயை மூடு என்று கேட்டவனுக்கு அந்தச் சொல் எப்படி இனிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2017இல் அமெரிக்காவின் ராலே நகரில் தட்டைப் பூமிக்காரர்கள் மாநாடே கூட்டினார்கள். யாரும் சிரிக்காத ஓர் இடம் வேண்டியிருக்கிறது மனிதர்களுக்கு. உங்கள் குடும்பக் குழு அவருக்கு அப்படி இருந்ததா?

ஆனால் "நீயே பார்" என்பவர்களை நான் விடப்போவதில்லை. அவர்களில் பலர் பார்க்கவே மாட்டார்கள். இதற்கு நல்ல சாட்சி 1870இல் நடந்த ஒரு பந்தயம். சில வாரங்களாக நான் அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

கிழக்கு இங்கிலாந்தில் பழைய பெட்ஃபோர்ட் ஆறு என்று ஒன்று உண்டு. பெயர்தான் ஆறு, உண்மையில் வெட்டிய வாய்க்கால். 6 மைல் தூரம் நூல் பிடித்தது போல நேராக ஓடும். 1838இல் சாமுவேல் ரோபோதம் என்பவர் அதில் இறங்கி, தண்ணீருக்கு 8 அங்குலம் மேலே கண்ணை வைத்து, கொடி கட்டிய படகு ஒன்று தூரப் போவதைப் பார்த்தார். கணக்குப்படி அது பாதி வழியைத் தாண்டியதும் மறைந்திருக்க வேண்டும். கடைசிவரை தெரிந்தது என்றார். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும்போது, ஒளி கீழ்நோக்கி வளைந்து வரும். மறைந்திருக்க வேண்டியதும் அப்போது தெரியும். ரோபோதம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பூமி தட்டை என்று பாரலாக்ஸ் என்ற புனைபெயரில் புத்தகம் எழுதினார், ஊர் ஊராகக் கட்டணம் வாங்கிக்கொண்டு பேசினார். பிளாக்பர்ன் ஊரில் ஒருவர் எழுந்து, கப்பலின் அடிப்பகுதி ஏன் முதலில் மறைகிறது என்று கேட்டபோது, பதில் சொல்ல முடியாமல் மேடையைவிட்டு ஓடிவிட்டார் என்று சொல்வார்கள். எங்கள் பின் பெஞ்சுப் பையன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவருடைய வழியில் வந்தவர் ஜான் ஹாம்டன். தண்ணீர் வளைந்திருப்பதைக் காட்டுகிறவருக்கு 500 பவுண்டு என்று சவால் விட்டார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அதை ஏற்றார். டார்வினோடு சேர்ந்து இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தந்த அதே வாலஸ். இளமையில் நில அளவை செய்து பிழைத்தவர், பணமுடையும் இருந்தது. ஏற்கலாமா என்று நிலவியல் அறிஞர் சார்லஸ் லயலிடம் கேட்டார். செய்யுங்கள், இந்த ஆட்களின் வாய் அடங்கும் என்கிற அர்த்தத்தில் லயல் பதில் சொன்னார்.

வாலஸ் செய்த ஏற்பாடு அழகானது. வாய்க்காலின் ஒரு முனையில் ஒரு பாலம், 6 மைல் தள்ளி இன்னொரு பாலம். ஒரு பாலத்தில், தண்ணீரிலிருந்து 13 அடி 4 அங்குல உயரத்தில் தொலைநோக்கி. எதிர்ப் பாலத்தில் அதே உயரத்தில் கறுப்புப் பட்டை தைத்த வெள்ளைத் துணி. சரிபாதியில் ஒரு கம்பம் நட்டு, அதே உயரத்தில் ஒரு வட்டு. தண்ணீர் மட்டமாக இருந்தால் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். கண் உயரமாக இருந்ததால் தண்ணீரோரக் காற்றின் சேட்டையும் குறைவு. பார்த்தால் நடு வட்டு பட்டைக்கு மேலே நின்றது. 3 மைலுக்கு 6 அடி வளைவு என்பது கணக்கு, ஒளி வளைவதைக் கழித்தால் 5 அடி சொச்சம், கிட்டத்தட்ட அதுவே தெரிந்தது. நடுவராக இருந்த பத்திரிகை ஆசிரியர் ஜான் ஹென்றி வால்ஷ், வாலஸ் ஜெயித்ததாகத் தீர்ப்புச் சொன்னார். ஹாம்டன் தரப்பில் வந்த வில்லியம் கார்ப்பெண்டர் அதே காட்சியைப் பார்த்துவிட்டு, இதுதான் தட்டை என்பதற்குச் சான்று என்றார். ஹாம்டன்? அவர் தொலைநோக்கியில் கண்ணை வைக்கவே மறுத்துவிட்டார். கார்ப்பெண்டரை நம்புவதாகச் சொன்னார். யாரையும் நம்பாதே என்கிற கூட்டத்தின் தலைவர், இன்னொருவர் சொன்னதை நம்பிக்கொண்டு பாலத்தில் நின்றார்!

அதோடு விட்டாரா? வாலஸைத் திருடன் என்று ஊரெல்லாம் எழுதினார், அறிவியல் சங்கங்களுக்கு எழுதினார். உன் புருஷன் மண்டை உடைந்து ஒருநாள் வீட்டுக்கு வருவான் என்ற மாதிரி வாலஸின் மனைவிக்கே கடிதம் போட்டார். அவதூறு வழக்கில் சிறைக்கும் போனார். கடைசியில், பந்தயப் பணம் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல, அவருடைய 500 பவுண்டு அவருக்கே திரும்பிப் போனது. இந்தத் தொல்லை 15 ஆண்டுக்கு மேல் வாலஸைத் துரத்தியது. வழக்குச் செலவும் அவர் தலையில்.

ஹாம்டன் மோசமான மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஊரறிய, பணம் வைத்து, பத்திரிகையில் போட்டு ஒருவரைத் தோற்கடித்தால் அவருக்குத் திரும்பி வர வழி ஏது? ஒப்புக்கொண்டால் காசும் போகும், மானமும் போகும். வாலஸிடம் சான்று இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. உங்களிடம் இருந்தது வெறும் சிரிப்பு. அது என்ன செய்யும் என்று எதிர்பார்த்தீர்கள்?

"படித்தவர்கள்கூட" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே வாலஸ் ஆவிகளோடு பேசும் கூட்டங்களை மனதார நம்பினார், அம்மைத் தடுப்பூசியை எதிர்த்து எழுதினார். படிப்பை அளவுகோலாக எடுக்காதீர்கள். 2018இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அமெரிக்கத் தட்டைப் பூமிக்காரர்கள் 20,000 டாலர் கொடுத்து, சுழற்சியை நுட்பமாக அளக்கும் லேசர் ஜைரோஸ்கோப் ஒன்றை வாங்கி ஓடவிடுகிறார்கள். மணிக்கு 15 பாகை திரும்புவதாக அது காட்டுகிறது. பூமி ஒரு நாளில் சுற்றும் 360 பாகையை 24ஆல் வகுத்தால் வருவது அதுதான். இதை நாங்கள் ஏற்கத் தயாராக இல்லை என்று கேமராவுக்கு முன்னால் சொல்கிறார்கள். கருவியை இயக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள்.

மனம் மாறியவர்களே இல்லையா? உண்டு. 2024 டிசம்பரில் வில் டஃபி என்ற போதகர் (ஆமாம், போதகர்தான்) தட்டைப் பூமிக்காரர்கள் சிலரையும் உருண்டைக்காரர்கள் சிலரையும் அண்டார்டிகாவுக்குச் சேர்த்து அழைத்துப் போனார். தட்டைக் கணக்கில் அண்டார்டிகா என்பது உலகத்தின் ஓரத்தைச் சுற்றி நிற்கும் பனிச்சுவர். அந்தக் கணக்குப்படி அங்கே 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் வானத்தைச் சுற்றிவர முடியாது. அங்கே அது சுற்றியது. யூடியூப்பில் தட்டைப் பூமிக்காகப் பல ஆண்டுகள் பேசிய ஜெரன் கேம்பனெல்லா, நான் நினைத்தது தவறு, சூரியன் சுற்றத்தான் செய்கிறது என்று அங்கேயே நின்று சொன்னார். கூட வந்த எல்லோரும் அவரைப் போல மாறிவிடவில்லை. ஊரில் இருந்த பழைய நண்பர்கள் அவரைத் துரோகி என்றார்கள். இருந்தாலும் ஒரு மனிதர் தன் கண்ணுக்கு மரியாதை கொடுத்தார். அழைத்துப் போனவர் அவரைக் கேலி செய்யவில்லை, கூட நின்று பார்த்தார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அந்த மீமை அழியுங்கள். அதே குழுவில், எல்லோருக்கும் தெரிய மன்னிப்புக் கேளுங்கள், தனியாகக் கேட்டால் போதாது. பிறகு கோவைக்குப் போய் அவர் பட்டறையில் உட்காருங்கள். தண்ணீர்க் கேள்வியை அவர் தொழிலின் மொழியிலேயே பேசலாம். 3 மீட்டர் நீளத்தில் பூமியின் வளைவு ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வராது, அவருடைய மைக்ரோமீட்டரில் அது சிக்காது. 1 கிலோமீட்டரில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். 10 கிலோமீட்டரில் 8 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நீளம் இரண்டு மடங்கானால் வளைவு நான்கு மடங்கு. வாளியிலும் தொட்டியிலும் அதைத் தேடினால் கிடைக்காது என்பதை அவர் உங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார். இதையெல்லாம் யார் அளந்தார்கள் என்று கேட்டால், சென்னைப் பரங்கிமலையைச் சொல்லுங்கள். 1802இல் வில்லியம் லாம்டன் அங்கே ஏழரை மைல் கோடு ஒன்றைச் சங்கிலி வைத்து அளந்து தொடங்கிய வேலைதான், குமரி முதல் இமயமலை அடிவாரம் வரை பூமியின் வளைவை அளந்து முடித்தது.

அப்புறம் இருவரும் எங்கள் பக்கம் வாருங்கள். மழை ஓய்ந்து வானம் தெளிந்த ஒரு நாளில், தெரிந்தவர் படகில் ஏற்பாடு செய்கிறேன். ஏறும் முன் ஒரு தாளில் அவர் தன் கையால் எழுதட்டும்: 25 கிலோமீட்டர் போன பிறகு தென்னையும் கோபுரமும் மலையும் எப்படித் தெரியும், பூமி தட்டையாக இருந்தால் எப்படி, உருண்டையாக இருந்தால் எப்படி. நீங்களும் எழுதுங்கள், உங்களுக்கும் தெரியாதே. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். பைனாகுலர் என்னிடம் இருக்கிறது. முதலில் அவர் பார்க்கட்டும்.