.357 மேக்னம் லீவர் ஆக்‌ஷன் ரைபிளில் மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

ஒஹாயோவில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு, ரிவால்வருக்கு வாங்கிய லேசான ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும்) தோட்டாவையே, லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் .357 ரைபிளிலும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

158 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டு நான்கு அங்குல ரிவால்வரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,250 அடி வேகத்தில் கிளம்பும். அதுவே 18 அங்குலக் குழலில் 1,800 அடியை நெருங்கிவிடும். ரிவால்வர் வேகத்துக்கென்று செய்த 125 கிரெய்ன் ஹாலோ பாயிண்ட், இந்த வேகத்தில் மானின் தோளில் பட்டதுமே சிதறி, நுரையீரலை எட்டாமல் நின்றுவிடலாம். காயத்தோடு ஓடும் மான் எங்கேயோ கிடந்து துடித்துச் சாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். 158 அல்லது 180 கிரெய்னில், முனையில் ஈயம் தெரியும் தட்டைமுனைக் குண்டாக எடுங்கள். நன்றாக ஊடுருவும்.

தட்டைமுனை ஏன் என்றால், இந்த ரைபிளில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசினில், ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் (அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) முட்டிக்கொண்டிருக்கும். கடினமான கூர்முனையாக இருந்தால், சுடும்போது வரும் உதைப்பில் உள்ளேயே வெடிக்கக்கூடும். ஹார்னடி நிறுவனத்தின் லெவரெவலூஷன் தோட்டா கூராக இருந்தாலும் முனை வளைந்து கொடுக்கும், பயமில்லை.

இதே ரைபிளில் சுடக்கூடிய, வலு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டா பயிற்சிக்குச் சரி, மானுக்குப் போதாது. நீளம் குறைவு என்பதால் சில ரைபிள்களில் சிக்கவும் செய்யும்.

அப்புறம், இரண்டு மூன்று வகை வாங்கி 50, 100 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். 100 கெஜத்துக்கு மேல் நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.