சென்சாரை மாற்றியும் அணையாத ஏபிஎஸ் விளக்கு

கேள்வி: சென்ற மாதம் என் காரின் இடது முன்சக்கரத்தில் இரைச்சல் கேட்டதால் பேரிங்கை மாற்றினோம். வண்டியை வீட்டுக்கு எடுத்து வரும்போதே மஞ்சள் நிற ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரியத் தொடங்கியது. ஸ்கேனரில் ‘சி0035’ என்ற குறியீடு வந்ததால், அந்தச் சக்கரத்தின் சென்சாரைப் புதிதாக வாங்கிப் பொருத்தினார்கள், விளக்கு அணையவில்லை. இப்போது ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பெட்டியை மாற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ஏபிஎஸ் அமைப்பில் விலை மிகுந்த பாகம் அதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் அதைச் சந்தேகிக்க ஒரு காரணமும் தென்படவில்லை. சி0035 என்பது பொதுவாக இடது முன்சக்கர வேக சென்சாரின் மின்சுற்றைக் குறிக்கும் குறியீடு. சென்சார், அதன் வயர், கனெக்டர், சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும் காந்த வளையம் ஆகிய நான்கில் எது கெட்டாலும் பல கார்களில் இதே குறியீடுதான் வரும். குறியீட்டைப் பார்த்ததும் சென்சாரை வாங்குவது பணிமனைகளில் ஊறிப்போன பழக்கம். பாதி நேரம் அது வீண் செலவாகவே முடிகிறது.

முதலில் ஓர் எளிய சோதனை. ஸ்கேனரால் குறியீட்டை அழித்துவிட்டு, வண்டியை நகர்த்தாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே குறியீடு திரும்பி வந்தால், வயர் அறுந்திருக்கிறது, கனெக்டரில் தொடர்பு இல்லை, அல்லது எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். நிற்கும்போது வராமல், வண்டி சிறிது தூரம் உருண்ட பிறகே வந்தால், மின்சுற்று சரியாக இருக்கிறது, சக்கரம் சுற்றுவதற்கான சிக்னல்தான் வரவில்லை என்று கொள்ளலாம். ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் வைத்துக்கொண்டு, ஒருவர் நேர்ச்சாலையில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்ட, இன்னொருவர் பார்த்தால், எந்தச் சக்கரம் சுழியத்திலேயே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மலிவு விலையில் கிடைக்கும் பல புளூடூத் கருவிகள் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் பகுதிக்குள் நுழையக்கூடிய ஸ்கேனர் வேண்டும்.

உங்கள் வண்டியில் இரண்டாவது நிலைதான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனெனில் பேரிங் மாற்றிய அன்றே கோளாறு தொடங்கியிருக்கிறது. இன்றைய பெரும்பாலான கார்களில் சென்சாருக்கு எதிரே பல் சக்கரம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்கத்து சீலிலேயே வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறி அமையும்படி காந்தம் ஏற்றியிருப்பார்கள். அது சாதாரணக் கறுப்பு ரப்பர் சீலைப் போலவே இருப்பதால், இரு பக்கமும் ஒன்றென்று எண்ணி பேரிங்கைத் திருப்பி அழுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. காந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்காவிட்டால் எத்தனை புதிய சென்சார் போட்டாலும் சிக்னல் வராது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல்தான் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்கு முன் ஒரே மாடல் ஏபிஎஸ் உள்ளதாகவும் இல்லாததாகவும் விற்றதால், அளவில் ஒன்றுபோல் இருக்கும், காந்தம் இல்லாத பேரிங்கும் கடைகளில் கிடைக்கிறது. பேரிங் வந்த அட்டைப்பெட்டியில் உள்ள பாக எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சென்சாரைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியே நுண்ணிய இரும்புத்தூளையோ காந்தம் காட்டும் அட்டையையோ கொண்டு பார்த்தாலும் உண்மை புலப்படும். பேரிங் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தால் வேறு புதிய பேரிங்தான் போட வேண்டும். கழற்றும்போது அழுத்தம் பட்ட பேரிங்கைத் திரும்பப் பயன்படுத்தலாகாது.

ஒருவேளை நின்ற இடத்திலேயே குறியீடு வந்தால், பேரிங் வேலையின்போது வயர் இழுபட்டிருக்கலாம். கனெக்டரைப் பிரித்து, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இக்னிஷன் போட்ட நிலையில் வண்டிப் பக்கத்து இரு முனைகளுக்கிடையே பேட்டரி அளவுக்கு நெருங்கிய வோல்டேஜ் வருகிறதா என்று மல்டிமீட்டரில் அளக்கலாம். ஆனால் சென்சாரின் ஓம் அளவை (மின்தடையை) அளக்க வேண்டாம். பழைய சுருள் வகைக்கு ஏறத்தாழ 1,000 ஓம் என்ற கணக்கு உண்டு. 7, 14 மில்லிஆம்பியர் என இரு நிலைகளில் மின்னோட்டத்தை மாற்றிச் சிக்னல் தரும் இக்கால வகைக்கு அந்த அளவு எதையும் சொல்லாது, மீட்டரே சென்சாரைக் கெடுத்துவிடவும் கூடும். இத்தனையும் சரியாக இருந்து, பெட்டியிலிருந்து வரும் வயரும் முழுமையாக இருந்து, அதன்பிறகும் முனையில் வோல்டேஜ் வராவிட்டால்தான் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும். ஆனால் மழையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதை மனத்தில் வைத்து மெதுவாக ஓட்டலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே கூடாது.

கேள்வி: என் பழைய காரில் எந்த விளக்கும் எரிவதில்லை. ஆனால் நிற்கப் போகும் தறுவாயில், உலர்ந்த சாலையிலும் பிரேக் பெடல் படபடவென்று அதிர்கிறது. மெக்கானிக் டிஸ்க் கோணல் என்கிறார்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: டிஸ்க் கோணலாக இருந்தால் வேகத்தில் பிடிக்கும்போதுதான் அதிர்வு மிகுதியாகத் தெரியும். நிற்கும் கணத்தில் மட்டும் வருவதால் ஏபிஎஸ் தேவையின்றி வேலை செய்கிறது என்றே தோன்றுகிறது. பழைய சுருள் வகை சென்சார் தரும் வோல்டேஜ் வேகத்தோடு சேர்ந்து குறையும்; கடற்காற்றில் துரு ஏறி, சென்சார் அமரும் இடம் உப்பி, அதற்கும் பல் வளையத்துக்கும் உள்ள சுமார் 1 மி.மீ. இடைவெளி கூடிவிட்டால், மெதுவாகச் சுற்றும் சக்கரத்தை ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி ‘பூட்டிக்கொண்டது’ என்று தவறாக எண்ணி பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. அதனால் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். விளக்கு எரியவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். சென்சாரைக் கழற்றி, அமரும் இடத்துத் துருவையும் முனையில் ஒட்டிய இரும்புத்தூளையும் துடைத்து, டிரைவ் ஷாஃப்டில் உள்ள பல் வளையத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் துருவில் இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாமல், துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டுக் கழற்றட்டும்.