இன்ஸ்பெக்டருக்கும் பாடமா? வாசகர் கேள்விகள்

(பதில் எழுதுபவர் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கட்டட இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: சார், நானும் ஃப்ளோரிடாவில் கட்டட இன்ஸ்பெக்டர்தான். லைசென்ஸைப் புதுப்பிக்க இரண்டு வருடத்துக்கு 14 மணி நேரம் வகுப்பு முடித்துக் காட்ட வேண்டும். ஆன்லைனில் வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் வேறு வேலை பார்த்தே முடித்துவிடுகிறேன். 15 வருட அனுபவம் இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள், இது வெறும் சடங்குதானே?

பதில்: நீங்கள் செய்கிற விதத்தில் சடங்குதான். நானும் செய்திருக்கிறேன், தம்பி. வீட்டில் வீடியோவை ஓடவிட்டு, கராஜில் காருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். அது தொழில் நெறிமுறை வகுப்பு என்பதை இங்கே சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

என்னைத் திருத்தியது ஒரு ப்ளைவுட் துண்டு. 1992 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவை அடித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூரை பறந்த பல வீடுகளில், ப்ளைவுட்டைப் பிடிக்க அடித்த பின்கள் கீழே கூரையைத் தாங்கும் சட்டமான ட்ரஸ் கட்டையில் இறங்கவே இல்லை, பக்கத்தில் சும்மா நீட்டிக்கொண்டிருந்தன. அந்த அடிக்கு அப்புறம்தான் மாநிலம் முழுவதற்கும் ஒரே பில்டிங் கோட் (கட்டட விதித் தொகுப்பு) என்ற பேச்சு வலுத்து, 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

ஒரு நேரடி வகுப்பில் ஆசிரியர் படம் எதுவும் போடவில்லை. ஒரு ட்ரஸ் கட்டைத் துண்டின் மேல் ப்ளைவுட்டை அடித்துக் கொண்டுவந்திருந்தார். மேலே ஆறு அங்குலத்துக்கு ஓர் ஆணி, நூல் பிடித்த மாதிரி. “பாஸ் பண்ணுவீர்களா?” என்றார். அறையில் பாதிப் பேர் கை தூக்கினோம். பலகையைத் திருப்பினார். பன்னிரண்டு ஆணியில் ஒன்பது கட்டையைத் தொடாமல் பளபளவென்று வெளியே எட்டிப் பார்த்தன. தொழிலில் இதை ‘ஷைனர்’ என்பார்கள். ஓர் உலுக்கு உலுக்கினார், பலகை கையோடு வந்துவிட்டது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. முந்தின நாள்தான் ஏணியில் ஏறி, மேலே நின்றபடி ஆணித் தலைகளை எண்ணி, ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு அதே வீட்டின் பரணில் தவழ்ந்தேன். ஒரே கட்டையின் ஓரமாகப் பதினொரு ஷைனர். மேலே தார்ப் பேப்பர் விரித்தாகிவிட்டது. ஓடு இன்னும் ஏறவில்லை, அந்த மட்டும் பிழைத்தோம். “நீங்கள்தானே பாஸ் பண்ணினீர்கள்?” என்று கான்ட்ராக்டர் கத்தினார். நியாயமான கேள்வி. என் தப்புதான் என்று ஒத்துக்கொண்டேன். பேப்பரைக் கிழித்துத் திரும்ப அடித்தார்கள். அவர் அப்புறம் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

உங்கள் 15 வருடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 15 வருடமும் மேலேயிருந்தே எண்ணியிருந்தால்? கூடவே விதிகளும் நம் தலைக்கு மேலே மாறிக்கொண்டிருக்கின்றன. பில்டிங் கோடுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, எட்டாவது 2023 டிசம்பர் 31-இல் வந்தது. அடுத்த வகுப்புக்குப் போகும் முன், போன மாதம் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் வரும்போது உங்களை உறுத்திய ஒரு விஷயத்தைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கேட்கிற மாதிரி ஆசிரியர் எதிரில் இருக்கும் வகுப்பாகப் பாருங்கள்.

கேள்வி: நான் வரைபடம் சரிபார்ப்பவள். எந்த வகுப்புக்குப் போனாலும் 1981 கான்சாஸ் சிட்டி ஹோட்டல் விபத்தையே சொல்கிறார்கள். அலுத்துவிட்டது. இன்னும் எத்தனை காலத்துக்கு?

பதில்: அலுப்பு நியாயம்தான் அம்மா. ஒரு சின்னச் சோதனை: பக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஹோட்டலின் நடைபாலங்கள் ஏன் விழுந்தன என்று இரண்டு நிமிடத்தில் விளக்க முடிகிறதா? எனக்கு நான்காவது தடவை கேட்டபோதுதான் முடிந்தது.

ஒரே கயிற்றில் இரண்டு பேர் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கயிற்றைப் பிடித்தால் அவரவர் கைக்கு அவரவர் எடைதான். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்தால், மேலே இருப்பவரின் கைக்கு இரண்டு பேர் எடை. கயிறு அதேதான், ஆளும் அதே ஆள்கள்தான். அந்த ஹோட்டலில், அதாவது ஹயாட் ரீஜென்சியில், நான்காவது மாடி நடைபாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலமும் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக முதலில் வரைந்தார்கள். வேலை சுலபமாகட்டும் என்று அதை இரண்டு கம்பியாக்கி, கீழ்ப் பாலத்தை மேல் பாலத்திலேயே தொங்கவிட்டார்கள். மேல் பாலத்து நட்டுக்குச் சுமை இரட்டிப்பு. ஜூலை 17 அன்று 114 பேர் செத்தார்கள். முதல் வரைபடமே விதி கேட்ட பலத்துக்குக் குறைவு என்பது விசாரணையில்தான் தெரிந்தது.

பெரிய உத்தரத்தின் கணக்கை நாம் எல்லோரும் பார்ப்போம். ‘சின்ன மாற்றம்தான்’ என்று நடுவில் வரும் ஒற்றைத் தாளை யார் பார்க்கிறார்கள்? உங்கள் மேசையில் இப்போது அப்படி எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணிவிட்டு, அப்புறம் அலுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த வகுப்பைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தெரிந்த பாடத்தில் மணி நேரம் சேர்ப்பது சுகம், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். என்னைக் கேட்டால் பழைய கட்டடம் பற்றிய வகுப்பு. மயாமி பக்கத்துச் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24-இல் இடிந்து 98 பேரைப் பலிகொண்ட அடுக்குமாடி 1981-இல் கட்டியது. அது இடிந்ததற்கு அடுத்த வருடமே, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்களுக்கு (வீடு வீடாகச் சொந்தக்காரர்கள் இருக்கும் அடுக்குமாடிகளுக்கு) 30 வருடத்தில் கட்டாயச் சோதனை என்று சட்டம் வந்தது. சோதிப்பது எஞ்சினியரோ ஆர்க்கிடெக்டோதான், ஆனால் அறிக்கை கட்டடத் துறைக்கு வந்து சேரும். அதைப் படிக்க நமக்குத் தெரிய வேண்டாமா?

கேள்வி: கட்டடச் சாமான் விற்கும் கம்பெனிகள் மதியச் சாப்பாட்டோடு இலவச வகுப்பு நடத்துகின்றன. போகலாமா?

பதில்: அந்த மணி நேரம் உங்கள் கணக்கில் சேருமா, உங்கள் அலுவலகம் இலவசச் சாப்பாட்டை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தால் போங்கள். எங்கெங்கே அந்தச் சாமானைப் போடலாம் என்று அரை மணி நேரம் சொல்வார்கள். முடிந்ததும் எங்கே போடக்கூடாது என்று கேளுங்கள். பதிலுக்குப் பதிலாக இனிப்புத் தட்டை நீட்டினால், ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.