பட்டையில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் 9.6

கேள்வி: எனக்கு வயது 58. அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. மதியம் நாசி கண்டார் சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டையில் பார்த்தேன், நிறம் மாறவில்லை. உடனே தம்பியின் கருவியில் விரல் குத்திப் பார்த்தால் 9.6. எதை நம்புவது?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, இரண்டும் சரியாகவே இருக்கலாம். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் (உங்கள் 9.6-உம் இந்தக் கணக்குதான்) தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும்; அதுவரை சிறுநீரகம் அதை ரத்தத்துக்கே திருப்பிவிடும். வயது ஏற ஏற இந்த வரம்பும் உயரலாம். போதாக்குறைக்கு, சாப்பிடும் முன்பே சிறுநீர்ப்பையில் தேங்கியிருந்த சிறுநீரும் கலந்து வரும். விட்டமின் சி மாத்திரை அதிகம் போட்டிருந்தால், இருக்கிற சர்க்கரையையே சில பட்டைகள் காட்டாது. பட்டையை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

9.6-ஐயும் முடிவாக எடுக்க வேண்டாம். இனிப்பு நீர் இல்லாதவர்களுக்கு அந்த நேரத்தில் பெரும்பாலும் 7.8-க்குள் இருக்கும். ஆனால் பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினாலே எண் ஏறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், ரொம்பப் பிதுக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தை முதல் கவளத்திலிருந்து எண்ணவேண்டும். கருவியில் செருகும் பட்டைகளின் டப்பாவைத் திறந்து போட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பட்டை கெட்டுவிடும்.

நோயை உறுதிசெய்ய நரம்பில் எடுத்த ரத்தம்தான் வேண்டும். அரசு சுகாதார மையமான கிளினிக் கெசிஹாத்தானில் கேளுங்கள். 8 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துப் போனால், வெறும் வயிற்றில் 7.0-உம் அதற்கு மேலும் இனிப்பு நீர். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை) என்றால் மலேசியாவில் 6.3 சதவீதமும் அதற்கு மேலும். இவை இரண்டுங்கெட்டானாக வந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள்: 11.1 எட்டினால் நோய், 7.8 முதல் 11.0 வரை அதற்கு முந்தைய நிலை. அதற்கு முன் மூன்று நாள் சோற்றைக் குறைக்காமல் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். அந்த நாட்களில் பட்டினி கிடந்து போனால் எண் பொய்யாக ஏறும். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவு போதாது, இன்னொரு நாளும் பார்க்கவேண்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் தள்ளிப்போடாமல் அன்றே போய்விடுங்கள்.

கேள்வி: சென்னையில் வாங்கி வந்த கருவி 162 என்கிறது. பயமாக இருக்கிறது.
- வாசகர், செந்தூல்

பதில்: அது மில்லிகிராம் கணக்கு. 18-ஆல் வகுங்கள்: 9.0 மில்லிமோல். மேலே சொன்னதே உங்களுக்கும். பட்டை வாங்கும்போது கருவியின் மாடலைக் காட்டி வாங்குங்கள். வேறு கருவியின் பட்டை அதில் வேலை செய்யாது.