அடிக்காத கம்பிகளின் சத்தம்

வணக்கம் சார்,

நாலு வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். அமெரிக்க கிட்டார்க் கலைஞர் டுவேன் ஆல்மனைக் கேட்டுப் பித்துப் பிடித்து, ஆறு மாதத்துக்கு முன்னால் ஸ்லைடு, அதாவது விரலில் ஒரு குழாயை மாட்டிக் கம்பி மேல் வழுக்கி வாசிப்பதை, ஆரம்பித்தேன். முதலில் கண்ணாடி ஸ்லைடு, அது சரிப்படவில்லை என்று பித்தளை. டியூனிங் ஓப்பன் ஜி. சுரம் ஓரளவு பிடிபடுகிறது, ஆனால் கூடவே ஒரு கரகரப்பும் ஊளையும் வருகிறது. பீரோவை நகர்த்துகிற மாதிரி இருக்கிறது என்கிறாள் மனைவி. அதே மாதிரி வழுக்கி வாசிக்கிற சித்திரவீணையில் ஃப்ரெட்டே (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) இல்லை, அது மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது? அடுத்து எந்த ஸ்லைடு வாங்கலாம்? பின்னணி டிராக் போட்டு வாசித்த பதிவை இணைத்திருக்கிறேன்.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

மூன்றாவது ஸ்லைடு வேண்டாம். டுவேன் ஆல்மன் வாசித்தது கோரிசிடின் என்கிற சளி மாத்திரையின் காலிக் கண்ணாடிப் புட்டியில். அதை மோதிரவிரலில் மாட்டிக்கொள்வார். அந்தப் பேச்சை அத்தோடு விடுவோம்.

பதிவை மூன்று தடவை கேட்டேன். உங்கள் மனைவிக்கு நல்ல காது. ஆனால் பீரோவை நகர்த்துவது நீங்கள் அடிக்கிற கம்பி இல்லை, அடிக்காத ஐந்து கம்பிகள். ஓப்பன் ஜியில் ஆறும் ஒரே கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே கூட்டத்தின், சுரங்கள். ஒன்றைத் தட்டினால் மற்றவை சும்மா இருக்காது. அவற்றின் மேல் ஒரு உலோகக் குழாயையும் உரசிக்கொண்டு போகிறீர்கள்.

ஆம்ப்பை அணைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள். மூன்றாம் கம்பியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்லைடை வையுங்கள். வலது கையை நீட்டி, ஸ்லைடுக்குப் பின்னால், அதாவது ஸ்லைடுக்கும் நட்டுக்கும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை) நடுவில் கம்பியைத் தட்டுங்கள். அங்கேயும் சுரம் கேட்கும். 12இல் இரண்டு பக்கமும் சம நீளம் என்பதால் ஒரே சுரம், தப்புத் தெரியாது. இப்போது 10க்கு இறங்குங்கள். முன்பக்கச் சுரம் இறங்கும், பின்பக்கச் சுரம் ஏறும். நீங்கள் ஒரு திசையில் போக, உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறார்! கம்பியின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்புகிற பிக்கப் அதை நேராக எடுக்காதுதான், ஆனால் ஸ்லைடு வழியாகக் கசிந்துவிடும். ஊளை அதுதான்.

இதற்கு மருந்து இடது கையிலேயே இருக்கிறது. உங்கள் பதிவில் கேட்பதை வைத்துப் பார்த்தால் ஸ்லைடு விரலைத் தவிர மற்ற விரல்களைத் தூக்கியே வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுண்டுவிரலில் ஸ்லைடு என்றால் மற்ற மூன்று விரல்களும், மோதிரவிரலில் என்றால் நடுவிரலும் ஆள்காட்டியும், ஸ்லைடுக்குப் பின்னால் எல்லாக் கம்பிகள் மேலும் படுத்துக் கிடக்க வேண்டும். அழுத்தக் கூடாது. தூங்குகிற குழந்தையின் மேல் கை வைப்பீர்களே, அந்த அளவு. ஸ்லைடு போகும் இடமெல்லாம் அவையும் கூடவே போகும்.

வலது கைதான் கஷ்டம். கம்பியைத் தட்டுகிற பிக்கைக் கீழே வையுங்கள். அமெரிக்க ஸ்லைடு கலைஞர் டெரெக் டிரக்ஸ் வெறும் விரலில்தான் வாசிக்கிறார், காரணம் இல்லாமல் இல்லை. கட்டைவிரலை நான்கு, ஐந்து, ஆறாம் கம்பிகள் மேல் சாய்த்துப் போடுங்கள். ஆள்காட்டி மூன்றில், நடுவிரல் இரண்டில், மோதிரவிரல் ஒன்றில். இதுதான் வீடு. இரண்டாம் கம்பியைத் தட்ட வேண்டுமா, நடுவிரல் மட்டும் எழுந்து தட்டட்டும், மற்றவை அசையக் கூடாது. அடுத்து முதல் கம்பிக்குப் போகிறீர்கள் என்றால் நடுவிரல் முதலில் இரண்டாம் கம்பிக்குத் திரும்பி அதை நிறுத்த வேண்டும், அதற்கப்புறம்தான் மோதிரவிரல் எழலாம். சுரம், நிறுத்தம், சுரம், நிறுத்தம். தினம் பத்து நிமிடம், ஒரே ஃப்ரெட்டில், ஸ்லைடை நகர்த்தாமல். ரொம்பச் சலிப்பாக இருக்கும். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது, அதில் ஒரு வாரம் கோபித்துக்கொண்டு கிட்டாரைத் தொடவே இல்லை.

கரகரப்பு வேறு விஷயம். அது ஸ்லைடு ஃப்ரெட்டில் இடிக்கிற சத்தம். நீங்கள் அழுத்துகிறீர்கள், அல்லது கம்பி மெல்லிசு, ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) தாழ்வு. 9 கேஜ் (கம்பியின் தடிமன்) போட்டிருந்தால் 11க்கு மாற்றி ஆக்‌ஷனைக் கொஞ்சம் தூக்குங்கள்.

சுரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விரலால் வாசிக்கும்போது ஃப்ரெட்டுக்குப் பின்னால் அழுத்திப் பழகிய கை, ஸ்லைடையும் அங்கேயே வைக்கிறது. ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், அதற்கு இணையாக. பெரும்பாலான எலெக்ட்ரிக் கிட்டார்களில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து சுமார் 36 மி.மீ. தூரம். 12க்கும் 13க்கும் நடுவே அதில் பாதி, 18 மி.மீ. அதாவது கீழே மன்னிக்கப்படுகிற ஒரு மில்லிமீட்டர் தப்பு, மேலே இரண்டு மடங்காகக் கேட்கும். உங்கள் பதிவில் மேல் சுரங்கள் எல்லாமே ஒரு நூல் இறங்கி நிற்பது இதனால்தான்.

சித்திரவீணைக்காரர்களுக்குப் பார்க்கக் கோடே இல்லாததால் காதை நம்பியே வளர்கிறார்கள். நீங்களும் போனில் தம்புரா ஆப் ஒன்றை ஜி சுருதியில் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுரத்திலும் போய் நில்லுங்கள். சுரத்தை ஆட்டுவது அப்புறம். முதலில் சுரம் நேராக நிற்கட்டும், பிறகு அதன் இரண்டு பக்கமும் சமமாக ஆட்டுங்கள். இன்னொன்று, நமக்குக் கமகம் கேட்டு வளர்ந்த காது என்பதால் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்துத்தான் சேர வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. பதிவில் நீங்கள் இழுக்காமல் தொட்ட சுரம் ஒன்றுகூட இல்லை. வலது கையால் கம்பியை நிறுத்திவிட்டு ஸ்லைடைச் சத்தமில்லாமல் அடுத்த இடத்துக்கு நகர்த்தி, அங்கே தட்டிப் பாருங்கள்.

பித்தளையையே வைத்துக்கொள்ளுங்கள், கனம் இருப்பதால் அழுத்தத் தோன்றாது. ஒரு மாதம் கழித்து இதே பாட்டை மறுபடி அனுப்புங்கள். பின்னணி டிராக் இல்லாமல்.