பெர்லினில் வெண்டைக்காய் கிடைக்குமா?

கேள்வி: மகள் பெர்லினில் வேலை பார்க்கிறாள். அக்டோபரில் போய் இரண்டு மாதம் அவளோடு இருக்கப் போகிறேன். அங்கே கால்வாய்க் கரையில் துருக்கிக்காரர்கள் சந்தை போடுகிறார்களாமே, நம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இருக்குமா? சைவக்காரிக்கு அங்கே என்ன வேலை?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: நிறைய வேலை இருக்கிறது, பையோடு போங்கள். சந்தை நடக்கும் கரையோரத் தெருவின் பெயர் மைபாக் ஊஃபர், மகளிடம் அதைச் சொன்னால் போதும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை 11 மணிக்குத் தொடங்கி மாலை 6.30 வரை நடக்கும். 1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆலை வேலைக்கு ஆள் எடுத்தது. வந்தவர்களில் பலர் வாடகை குறைவு என்று பெர்லின் சுவரை ஒட்டிய இந்தப் பகுதிகளில் குடியேறி, குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்கள். அவர்கள் சமையலுக்கு வேண்டியதுதான் இங்கே முதலில் விற்கும், அதில் பாதி நமக்கும் வேண்டியது.

வெண்டைக்காய் கிடைக்கும், நம்மூர்க் காயைவிடக் குட்டை. கத்தரிக்காய், மாதுளை, புதினா, கொத்தமல்லி எல்லாம் உண்டு. கொத்தமல்லி என்று நினைத்து பார்ஸ்லியைத் தூக்கிவராதீர்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், முகர்ந்து பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ரசம் பாழ். நீளப் பச்சை மிளகாயில் பெரும்பாலும் காரமே இருக்காது, பஜ்ஜிக்கு ஆகும், சட்னிக்கு ஆகாது. கறிவேப்பிலையை அங்கே தேட வேண்டாம், அதற்கு இந்தியக் கடைதான். பசித்தால் கோஸ்லெமே: மெல்லிய ரொட்டிக்குள் கீரையும் வெள்ளைச் சீஸும் வைத்துக் கல்லில் சுட்டுத் தருவார்கள், கறி வைத்ததும் உண்டு என்பதால் கேட்டு வாங்குங்கள்.

நம் சந்தையில் பீன்ஸை ஒடித்துப் பார்ப்போமே, அதெல்லாம் அங்கே வேண்டாம். விரலைக் காட்டுங்கள், கடைக்காரரே எடுத்துப் போடுவார். பேரம் பேசவும் மெனக்கெட வேண்டாம், கடை கட்டும் நேரத்தில் அவர்களே விலையைக் குறைத்துக் கூவுவார்கள், ஆனால் அப்போது கிடைக்கும் தக்காளி மறுநாள் தாங்காது. சில்லறை யூரோ கையில் இருக்கட்டும், கூட்டத்தில் பர்ஸ் பத்திரம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்புறம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், ஆகவே மதியமே போய்விடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகனுக்கு மலைப்பூண்டும் வீட்டு நெய்யும் கொண்டுபோகலாமா?
- வாசகர், பண்ணைக்காடு

பதில்: புவிசார் குறியீடு வாங்கிய பூண்டுதான், ஆனால் ஐரோப்பிய சுங்கக்காரர் அதைப் பார்க்க மாட்டார், தாவர நலச் சான்றிதழைத்தான் கேட்பார். 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய், கனி, இலை எல்லாவற்றுக்கும் அது வேண்டும், வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கும் மட்டும் விலக்கு. பால் பொருளுக்கு அனுமதியே இல்லை, நெய்யும் அதில் சேர்த்தி. வெண்ணெய் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும், மகனையே உருக்கச் சொல்லுங்கள்.