சிலையா, சதுக்கமா?

கேள்வி: மனித உரிமைக்காக வாதாடிய ஒருவரை நினைவில் வைக்க ஒரு சிலை போதாதா? மக்கள் கூடும் சதுக்கத்துக்கு அவர் பெயரை வைப்பதால் என்ன கிடைத்துவிடப் போகிறது?

பதில்: நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கின் காந்தி சதுக்கத்தில் ஒரு மாலை நிற்கும் வரை. நகரப் பேருந்துகள் வந்து திரும்பும் இடம் அது. வேலை விட்டு வந்த கூட்டம் வரிசையில் நிற்கிறது, நடுவே காந்தி. நாம் பார்த்துப் பழகிய கைத்தடியும் கதர் வேட்டியும் இல்லை, வக்கீல் அங்கி போட்ட இளைஞர். அவர் வாதாடிய நீதிமன்றம் அங்கேதான் இருந்தது. 2003-ல் சிலையைத் திறந்தபோது, கறுப்பின மக்களைப் பற்றி இளவயதில் அவர் எழுதியவற்றைச் சுட்டிக்காட்டி எதிர்ப்பும் எழுந்தது. எழட்டுமே! ஒருவரைப் பற்றி வாய்விட்டு வாதாட இடம் இருப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான்.

அதே நகரில் சான்ட்டன் பகுதியில் மண்டேலா சதுக்கம் இருக்கிறது. 2004-ல் அவர் பெயர் சூட்டினார்கள். ஆறு மீட்டர் வெண்கலச் சிலை, காலடியில் படம் எடுக்கக் கூட்டம். ஆனால் சுற்றிலும் உணவகங்கள், கடைகள். வணிக வளாகத்தின் முற்றம் அது. பத்துப் பேர் பதாகை பிடித்து உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் விட்டுவைப்பார்கள் என்று யோசித்தபடியே வெளியே வந்தேன்.

என் மனசு தங்கியது அதே நகரின் கான்ஸ்டிடியூஷன் ஹில்லில். பழைய சிறை வளாகம். 1908-ல் காந்தியை அடைத்தது இங்கே, 1962-ல் மண்டேலாவையும். விசாரணைக் கைதிகள் கிடந்த கட்டடத்தை இடித்து, நான்கு மாடிப்படிக் கூண்டுகளை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தச் செங்கல்லை எடுத்தே அரசியல் சாசன நீதிமன்றத்துக்குச் சுவர் எழுப்பினார்கள், வெளியே அகலமான படிக்கட்டும் கட்டினார்கள். நீதிமன்றம் திறந்தது 2004 மார்ச் 21, அந்நாட்டின் மனித உரிமை நாள். படியில் உட்கார்ந்து ஒரு செங்கல்லைத் தடவிப் பார்த்தேன்; ஓரம் உடைந்து, வெயிலில் சுட்டது. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிலையை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். இங்கே உட்காரலாம், பேசலாம், கூட்டம் போடலாம். உரிமைக்காகப் பேசியவர் கேட்டதும் அதைத்தானே?

ஆகவே என் வாக்கு சதுக்கத்துக்கு. ஆனால் ஒன்று: பெயர்ப்பலகை எழுதக் கொடுக்கும் முன், அங்கே கூட்டம் நடத்த அனுமதி உண்டா, இரவில் கேட்டைப் பூட்டுவார்களா, வயதானவர் உட்கார நிழல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பூட்டுவார்கள் என்றால் முதலில் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர் பிறகு வைக்கலாம்.